சுண்டைக்காயும் சுமைகூலியும்
அமெரிக்கச் சிறு ஜெட் விமானங்களின் ஊதிய வரலாறு

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பது நம் முன்னோர் கண்ட வாணிக உண்மை. பண்டம் சிறிதாயிருப்பதனால் அதைச் சுமப்பதற்குரிய கூலியும் சிறிதாகிவிடாது. கூடையில் இருப்பது எவ்வளவாயினும் சுமக்கிறவனுக்குப் பசி ஒன்றுதான்.

இப்பழமொழி விமானத் தொழிலுக்கும் நன்கு பொருந்தும். பயணிகளை ஏற்றிச் செல்லும் ஜெட் விமானம் ஐம்பது இருக்கை கொண்டதாயினும் நூற்றைம்பது இருக்கை கொண்டதாயினும், அதனை ஓட்டுவதற்குத் தலைமை விமானி ஒருவரும் துணை விமானி ஒருவரும் வேண்டும். இவ்விருவருக்கும் சேர்த்து மணிக்கு 300 டாலர் ஊதியம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பெரிய விமானத்தில் அது இருக்கைக்கு 2 டாலராகும். சிறிய விமானத்தில் 6 டாலராகும். எரிபொருளும் இருக்கைக் கணக்கில் சிறிய ஜெட்டுக்கே மிகுதியாகச் செலவாகிறது. பழுது பார்க்கும் செலவிலும் அவ்வாறே.

அங்ஙனமாயின், 1990களிலும் 2000களிலும் அமெரிக்க வானத்தைச் சிறிய ஜெட் விமானங்கள் நிறைத்தது எவ்வாறு? நட்டத்தை விரும்பி ஏற்கும் வாணிகர் உலகில் இல்லை. ஆகவே சுமைகூலியில் எங்கோ ஒரு குறைப்பு நிகழ்ந்திருக்க வேண்டும். அக்குறைப்பு எப்படி உண்டாயிற்று, யார் தலையில் விழுந்தது, எப்போது முடிந்தது என்பவற்றை ஆராய்வது இக்காலத் தொழில் வரலாற்றின் முக்கியமான பாடங்களுள் ஒன்றாகும்.

ஊதியத்துக்கு ஓர் அளவுகோல்

அமெரிக்க விமானிகளின் சங்கம் 1931ஆம் ஆண்டில் டேவிட் பென்கி என்பவரின் தலைமையில் தோன்றியது. அக்காலத்தில் விமானங்களின் வேகம் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டிருந்தது. கடந்த தொலைவுக்கு ஏற்ப ஊதியம் அளித்தால், வேகமான விமானத்தை ஓட்டுகிறவர் அதே நேரத்தில் அதிகம் சம்பாதிப்பார். மணிக்கணக்கில் ஊதியம் அளித்தால், வேகத்தின் பயன் முழுவதும் முதலாளியைச் சேரும். எந்த முறையைக் கொள்வது என்று 1933இல் பெரும் பூசல் எழுந்தது.

தேசியத் தொழிலாளர் வாரியம் 1934இல் அளித்த தீர்ப்பு இப்பூசலை முடித்தது. ‘எண்பத்து மூன்றாம் தீர்ப்பு’ என்று அது பெயர் பெற்றது. அடிப்படைச் சம்பளம், பறக்கும் மணிகள், விமானத்தின் வேகம், கடக்கும் தொலைவு ஆகிய அனைத்தையும் சேர்த்து ஊதியம் கணக்கிடப்பட வேண்டும் என்றும், மாதத்துக்கு 85 மணிக்கு மேல் பறக்கலாகாது என்றும் அது வரையறுத்தது. 1938ஆம் ஆண்டின் விமானப் போக்குவரத்துச் சட்டம் இத்தீர்ப்பையே குறைந்த அளவாக ஏற்றுக்கொண்டது. பின்னர் விமானத்தின் எடையும் கணக்கில் சேர்ந்தது. பொறியின் திறன் கூடும்போது அதனை இயக்குகிறவருக்கும் அதில் பங்குண்டு என்பதே இதன் உட்பொருள். பெரிய விமானத்துக்குப் பெரிய ஊதியம், சிறிய விமானத்துக்குச் சிறிய ஊதியம் என்ற வழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

இதனோடு மற்றொரு வழக்கமும் வளர்ந்தது. அதுதான் பணிமூப்பு. எந்த விமானத்தை ஓட்டுவது, எந்த நாளில் விடுப்பு எடுப்பது, எப்போது தலைமை விமானி ஆவது ஆகிய யாவும் ஒருவர் பணியில் சேர்ந்த நாளைக் கொண்டே முடிவு செய்யப்பட்டன. ஆனால் இம்மூப்பு ஒரு நிறுவனத்துக்குள் மட்டுமே செல்லும். இருபது ஆண்டு பணியாற்றியவரும் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தால் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். இந்த இரண்டு வழக்கங்களையும் மனத்திற் கொண்டாலன்றிப் பின்வரும் வரலாறு விளங்காது.

கட்டுப்பாடு நீங்கிய காலம்

1938 முதல் நாற்பது ஆண்டுக்காலம் எந்த நிறுவனம் எந்த ஊருக்குப் பறப்பது, என்ன கட்டணம் வாங்குவது என்பதை அரசாங்க வாரியமே முடிவு செய்தது. ஊதியம் உயர்ந்தால் கட்டணத்தையும் உயர்த்திக்கொள்ளும் வழி இருந்தமையால் நிறுவனங்கள் பெரிதும் கவலையுறவில்லை. பொருளியல் பேராசிரியர் ஆல்பிரட் கான் அவ்வாரியத்தின் தலைவராயிருந்து இம்முறையைத் தளர்த்தினார். 1978ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் குடியரசுத் தலைவர் கார்ட்டர் கட்டுப்பாட்டு நீக்கச் சட்டத்தில் கையொப்பமிட்டார். 1984ஆம் ஆண்டின் இறுதியில் வாரியமே கலைக்கப்பட்டது.

போட்டி பிறந்தது, கட்டணம் இறங்கியது. பெரிய நிறுவனங்கள் ஒரு நகரத்தை மையமாக வைத்து, சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பயணிகளை அங்கே திரட்டி, அங்கிருந்து தொலைதூரம் அனுப்பும் முறையைக் கைக்கொண்டன. சிற்றூர்களிலிருந்து மையத்துக்குப் பயணிகளைக் கொணர்வது ஓடைகள் ஆற்றை நிரப்புவது போன்ற பணி. அதனைச் சிறிய நிறுவனங்களிடம் ஒப்படைத்தார்கள். அச்சிறு நிறுவனத்தின் விமானத்திலே பெரிய நிறுவனத்தின் பெயரும் வண்ணமும் தீட்டப்பட்டன. பயணச் சீட்டிலும் பெரியவரின் பெயரே இருந்தது. சின்சின்னாட்டி நகரை மையமாகக் கொண்டு 1977இல் தொடங்கப்பெற்ற காம்ஏர் என்னும் நிறுவனம் 1984இல் டெல்டா நிறுவனத்தோடு இவ்வாறு இணைந்தது.

அந்நாளில் இச்சிறு நிறுவனங்கள் பத்தொன்பது அல்லது முப்பது இருக்கை கொண்ட புரொபெல்லர் விமானங்களையே ஓட்டின. பெரிய நிறுவனத்து விமானிகள் அவற்றைத் தங்களுக்குரிய பணியாகக் கருதவில்லை. பிற்காலத்தில் அவர்களை வருத்திய தவறு இதுவே.

இதே காலத்தில் பெரிய நிறுவனங்களுக்குள்ளும் ஊதியத்தைக் குறைக்கும் முயற்சி நடந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1983இல் புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தனியான, தாழ்ந்த ஊதிய ஏணியை அமைத்தது. யுனைட்டெட் நிறுவனமும் அதனைக் கொண்டுவர முயன்றபோது, 1985இல் அதன் விமானிகள் 29 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். ஒரே அறையில் அருகருகே அமர்ந்து ஒரே பணியைச் செய்கிற இருவருக்கு இரண்டு அளவுகோல் என்பது நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் ஒரே நிறுவனத்துக்குள் நிலைக்காத அம்முறை, இரண்டு நிறுவனங்களாகப் பிரித்து வைத்தபோது நன்றாகவே நிலைத்தது.

ஐம்பது இருக்கை ஜெட்

கனடா நாட்டின் பம்பார்டியர் நிறுவனம், செல்வர்கள் பயன்படுத்தும் சேலஞ்சர் என்னும் சிறு ஜெட்டின் உடலை நீட்டி ஐம்பது பேர் அமரும் விமானமாக்கியது. 1991 மே மாதத்தில் அது முதன்முதலாகப் பறந்தது. ஜெர்மானிய லுப்தான்சாவின் துணை நிறுவனம் 1992இல் அதனைச் சேவையில் இறக்கியது. அமெரிக்காவில் 1993இல் அதனை முதலில் ஓட்டியது காம்ஏர். பிரேசில் நாட்டின் எம்ப்ரேயர் நிறுவனமும் ஐம்பது இருக்கை ஜெட் ஒன்றைச் செய்தது; அது 1997இல் அமெரிக்காவில் பறக்கலாயிற்று.

பயணிகளுக்கு இவ்விமானங்கள் மிகவும் பிடித்துப்போயின. புரொபெல்லர் விமானத்தின் அதிர்வும் இரைச்சலும் இவற்றில் இல்லை. ஆயிரம் மைல் வரை ஒரே மூச்சில் செல்லக்கூடியவை ஆதலால், பெரிய விமானத்தை நிரப்ப முடியாத ஊர்களுக்கும் நேரான ஜெட் பயணம் கிட்டியது. அக்காலத்தில் எரிபொருளும் மலிவு. 1998இல் கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலருக்கும் கீழேதான் விற்றது.

எனினும் முதற்காரணம் ஊதியமே. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், சிறு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த துணை விமானிக்கு மணிக்கு 20 டாலரை ஒட்டியே ஊதியம் கிடைத்தது. மணிக்கு 20 டாலர் என்பது முதற்பார்வையில் சிறிதன்று என்று தோன்றலாம். ஆனால் ஊதியக் கணக்கு பெரும்பாலும் விமானம் நகரும் நேரத்துக்கு மட்டுமே. நிலையத்தில் காத்திருக்கும் மணிகளுக்கு அன்று. மாதத்துக்கு 75 மணி என்று கொண்டால் ஆண்டு முழுவதற்கும் 18,000 டாலரே ஆகும். பயிற்சிக்காகப் பல்லாயிரம் டாலர் கடன்பட்டு வந்த இளைஞருக்கு இது வாழ்க்கையை நடத்தவே போதாது.

பின் ஏன் அவர்கள் வந்தார்கள்? இங்கேதான் இவ்வரலாற்றின் உயிர்நிலை இருக்கிறது. பெரிய நிறுவனத்தில் ஒருநாள் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையே அவர்களை வரவழைத்தது. அங்கே தலைமை விமானியானால் ஊதியம் பன்மடங்காகும். அங்கே நுழைவதற்குப் பறந்த அனுபவம் வேண்டும். அவ்வனுபவம் சிறு நிறுவனத்தில் கிடைத்தது. ஆகவே நாளைய சம்பளத்தை எண்ணி இன்றைய வறுமையைப் பொறுத்தார்கள். சிற்றூர்ப் பயணியின் கட்டணத்தில் ஒரு பகுதியை அந்த இளைஞரின் நம்பிக்கையே செலுத்தியது எனலாம்.

ஒப்பந்தத்தில் ஒரு விதி

ஐம்பது இருக்கை ஜெட் வந்தபின் பெரிய நிறுவனத்து விமானிகள் விழித்துக்கொண்டனர். நேற்று தாங்கள் ஓட்டிய வழித்தடத்தில் இன்று அதே பெயர் பொறித்த வேறு நிறுவனத்து விமானம், பாதிக்கும் குறைந்த ஊதியத்தில் பறப்பதைக் கண்டனர். தங்கள் ஒப்பந்தங்களில் ஒரு விதியை வலியுறுத்தினர். துணை நிறுவனங்கள் எத்தனை ஜெட் வைத்திருக்கலாம், ஒவ்வொன்றிலும் எத்தனை இருக்கை இருக்கலாம், எவ்வளவு எடை இருக்கலாம் என்று அவ்விதி வரம்பு கட்டியது. விமானத் தொழிலார் இதனை ‘ஸ்கோப்’ விதி என்பர். பணியெல்லை விதி என்று நாம் கொள்ளலாம்.

1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சிறு ஜெட்டுகளை யார் ஓட்டுவது என்பது அப்பூசலின் முக்கியமான பொருள். தொடங்கிய சில நிமிடங்களிலேயே குடியரசுத் தலைவர் கிளின்டன் தலையிட்டு அவசரக் குழுவை அமைத்து அதனை நிறுத்திவிட்டார். விமானங்கள் பறந்தன, வினா மட்டும் தீரவில்லை.

இவ்விதியில் இரு பக்க நியாயமும் உண்டு. பெரிய நிறுவனத்து விமானிக்கு இது தன் பணியைக் காக்கும் வேலி. சிறு நிறுவனத்து விமானிக்கோ இது தன் வளர்ச்சியைத் தடுக்கும் மதில். இருவரும் ஒரே சங்கத்தில் உறுப்பினராயிருந்தமையால் மனக்கசப்பு மிகுந்தது. சிறு நிறுவன விமானிகளுள் ஒரு சாரார் தங்கள் சங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்தனர்.

காம்ஏர் கண்ட வெற்றியும் முடிவும்

டெல்டா நிறுவனம் காம்ஏரை ஏறத்தாழ 180 கோடி டாலருக்கு விலைக்கு வாங்கியது; அவ்வாங்கல் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிறைவேறியது. உரிமையாளர் ஒருவரே ஆனபின்னும் ஊதிய ஏணி இரண்டாகவே இருந்தது. 2001 மார்ச் 26ஆம் நாள் காம்ஏரின் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட விமானிகள் வேலைநிறுத்தம் செய்தனர். நல்ல ஊதியமும் போதிய ஓய்வும் ஓய்வுக்கால ஏற்பாடும் அவர்களின் கோரிக்கைகள். எல்லா விமானங்களும் நின்றன. 89 நாளுக்குப் பின் ஜூன் மாதத்தில் உடன்பாடு ஏற்பட்டது. சிறு நிறுவனங்களில் அதுவரை காணாத ஊதிய உயர்வு அவர்களுக்குக் கிடைத்தது.

ஆயினும் மூன்று மாதம் கழியுமுன் செப்டம்பர் 11ஆம் நாளின் தாக்குதல் நிகழ்ந்தது. பயணிகள் கூட்டம் சரிந்தது. பெரிய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திவால் நீதிமன்றத்தை நாடின. டெல்டா விமானிகள் 2004இல் 32.5 விழுக்காடு ஊதியக் குறைப்பை ஏற்றனர்; இருந்தும் 2005 செப்டம்பரில் டெல்டாவும் காம்ஏரும் திவாலாயின.

இந்நெருக்கடியில் சிறு நிறுவனங்களோடு பெரிய நிறுவனங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் இயல்பு தெளிவாக வெளிப்பட்டது. பல ஒப்பந்தங்களில் எரிபொருட் செலவைப் பெரிய நிறுவனம் ஏற்றது. பயணச் சீட்டின் வருவாயும் அதற்கே. சிறு நிறுவனத்துக்கு இத்தனை புறப்பாடு, இத்தனை மணி என்ற கணக்கில் ஒரு தொகை கிடைக்கும். எனவே ஒரு சிறு நிறுவனம் மற்றொன்றோடு போட்டியிடக்கூடிய இடம் பெரும்பாலும் ஊழியர் ஊதியமும் பராமரிப்புச் செலவுமே. யார் குறைத்துக் கேட்கிறாரோ அவருக்கே விமானங்கள் சென்றன.

இங்கே பணிமூப்பு வழக்கம் ஒரு பொறியாக மாறியது. புதிதாகத் தொடங்கிய நிறுவனத்தில் எல்லாரும் ஏணியின் முதற்படியில் நிற்பார்கள், செலவு குறைவு. பத்தாண்டு சென்றால் அதே ஊழியர்கள் மேற்படிகளில் நிற்பார்கள், செலவு மிகும். அப்போது பணி வேறோர் இளைய நிறுவனத்துக்குச் செல்லும். மலிவாயிருந்தது நிறுவனமன்று; அதில் பணியாற்றியவரின் இளமையே மலிவாயிருந்தது. வேலைநிறுத்தத்தில் வென்ற காம்ஏர் வயதேறியது, செலவும் ஏறியது, விமானங்கள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. 2012 செப்டம்பர் 29ஆம் நாள் அது மூடப்பட்டது. சிறு ஜெட்டை அமெரிக்காவுக்குக் கொணர்ந்த நிறுவனத்தின் கதை அவ்வாறு முடிந்தது.

பெரிய நிறுவனத்தின் துணையின்றிச் சிறு ஜெட் தானே பிழைக்குமா என்பதற்கும் சான்று உண்டு. வாஷிங்டன் அருகே டல்லஸ் நிலையத்தில் யுனைட்டெட்டுக்காகப் பறந்துவந்த அட்லான்டிக் கோஸ்ட் என்னும் நிறுவனம், குறைந்த தொகைக்கு உடன்பட மறுத்து, 2004 ஜூனில் இண்டிபெண்டன்ஸ் ஏர் என்ற புதுப் பெயரோடு தனித்துப் பறந்தது. ஐம்பது இருக்கை ஜெட்டில் மலிவுக் கட்டணம் வாங்கிப் பார்த்தது. எரிபொருள் விலையும் ஏறியது. 2006 ஜனவரி 5ஆம் நாள் அது நின்றுபோயிற்று. சுண்டைக்காயை விற்றுச் சுமைகூலி கொடுக்க முடியவில்லை.

பஃபலோ நகரத்து இரவு

2009 பிப்ரவரி 12ஆம் நாள் இரவு, நுவர்க்கிலிருந்து பஃபலோ நகருக்குச் சென்ற கோல்கன் ஏர் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்திலிருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டனர். அது ஜெட் அன்று, புரொபெல்லர் விமானமே. ஆயினும் கான்டினென்டல் நிறுவனத்தின் பெயரால் பறந்த, அதே ஊதிய முறையைச் சேர்ந்த விமானம்.

வேகம் குறைந்தபோது எழுந்த எச்சரிக்கைக்குத் தலைமை விமானி தவறான முறையில் எதிர்ச்செயல் புரிந்ததே காரணம் என்று விசாரணைக் குழு முடிவு கூறியது. களைப்பை நேர்க் காரணமாக அது கூறவில்லை. ஆனால் விசாரணையின்போது வெளிவந்த செய்திகள் நாட்டைத் திடுக்கிடச் செய்தன. துணை விமானி நாட்டின் மறுகோடியிலுள்ள சியாட்டில் பகுதியிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து பணிக்கு வந்திருந்தார். பணி நிலையத்தின் அருகே வீடு அமர்த்திக்கொள்ள இயலாத ஊதியத்தில் விமானிகள் வாழ்வதைப் பயணிகள் அன்றுதான் அறிந்தனர்.

மாண்டோரின் குடும்பத்தினர் விடாது போராடினர். அதன் பயனாக 2010 ஆகஸ்டில் புதிய சட்டம் பிறந்தது. முன்னர் 250 மணி பறந்த அனுபவத்தோடு பெறும் வணிக உரிமமே துணை விமானிக்குப் போதுமானதாயிருந்தது. 2013 முதல், சில விலக்குகள் நீங்கலாக, 1,500 மணி வேண்டும் என்றாயிற்று. ஓய்வு நேர விதிகளும் 2014 முதல் இறுக்கப்பட்டன.

கூலி உயர்ந்த பின்

இச்சட்டம் ஊதியத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன் விளைவு ஊதியத்தில்தான் தெரிந்தது. 1,500 மணி சேர்க்கும் வழி நீண்டது, செலவும் பெருகியது. 18,000 டாலருக்காக அவ்வழியில் நடப்பார் குறைந்தனர். அதே காலத்தில் பெரிய நிறுவனத்து மூத்த விமானிகள் 65 வயதெய்தி ஓய்வு பெறலாயினர். சிறு நிறுவனங்கள் ஆளின்றித் தவித்தன. ரிபப்ளிக் நிறுவனம் 2016இல் திவால் நீதிமன்றத்தை நாடியபோது விமானிப் பற்றாக்குறையை ஒரு காரணமாகக் காட்டியது. கொள்ளைநோய்க் காலமான 2020இல் பெரிய நிறுவனங்கள் பலரை முன்கூட்டியே ஓய்வுக்கு அனுப்பின. பயணிகள் திரும்பி வந்தபோது சிறு நிறுவனங்களிலிருந்து விமானிகளை அள்ளிக்கொண்டன.

2022 ஜூனில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்கள் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் அறிவித்தன. நம்பிக்கையால் நிரப்பப்பட்டிருந்த இடைவெளியைப் பணத்தால் நிரப்பும் காலம் வந்தது. அவ்வாண்டிலேயே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டொலீடோ, இதாகா, ஐஸ்லிப், டுபியூக் ஆகிய ஊர்களுக்குச் செல்வதை நிறுத்தியது. 2008இல் எண்ணெய் பீப்பாய் 145 டாலரைக் கடந்த நாள் முதலே தளர்ந்திருந்த ஐம்பது இருக்கை ஜெட்டுக்கு இது இரண்டாம் அடியாயிற்று.

பணியெல்லை விதியோ கடல் கடந்தும் தன் ஆற்றலைக் காட்டியது. 76 இருக்கை, 86,000 பவுண்டு எடை என்பது பெரிய அமெரிக்க நிறுவனங்களின் ஒப்பந்த வரம்பு. எம்ப்ரேயர் செய்த புதிய, எரிபொருள் சிக்கனமான விமானம் ஒன்று அவ்வெடையைத் தாண்டியதனால் அமெரிக்காவில் வாங்குவாரின்றி நின்றது. ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் செய்த விமானத்துக்கும் இதே இடர் நேர்ந்தது. வேறு பல தடைகளும் சேர, 2023இல் அத்திட்டமே கைவிடப்பட்டது. யுனைட்டெட் நிறுவனம் 2019இல் எழுபது பேர் அமரும் விமானத்திலிருந்து இருபது இருக்கைகளை எடுத்துவிட்டு ஐம்பது இருக்கையோடு பறக்கவிட்டது. இடம் இருந்தும் இருக்கை போடாத அவ்விமானம் இவ்விதியின் நடமாடும் சான்றாகும்.

யார் கொடுத்த மானியம்?

1978ஆம் ஆண்டுச் சட்டம் சிற்றூர்களை அறவே மறந்துவிடவில்லை. போட்டியில் கைவிடப்படும் ஊர்களுக்கு விமானம் செல்வதற்காக அரசாங்கம் நேரடியாக மானியம் அளிக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. அது இன்றும் நடைபெறுகிறது. அந்த மானியத்தைப் பற்றி அமெரிக்கக் காங்கிரசில் ஆண்டுதோறும் விவாதம் உண்டு. அது தேவையா, மிகையா என்று கேட்பார் உண்டு. அது கணக்கில் எழுதப்பட்ட மானியம்.

இளம் விமானிகள் கொடுத்த மானியமோ எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை. ஆதலால் அதனை ஒருவரும் மானியம் என்று கருதவில்லை. சிறு ஜெட்டின் திறமை என்றே எண்ணினார்கள். பொறியியலின் வெற்றியென்று போற்றப்பட்டதில் ஒரு பெரும்பகுதி குறைந்த சம்பளத்தின் பயனேயாகும். சம்பளம் உயர்ந்ததும் விமானம் திறமையற்றதாகிவிட்டது என்பதே இதற்குச் சான்று. விமானம் மாறவில்லை.

கூலியை உயர்த்தியதனால் ஊர்கள் சேவையை இழந்தன என்று கூறுவாரும் உளர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அவ்வூர்கள் முன்பு பெற்றதும் இலவசமாக வந்ததன்று. சிற்றூருக்கு விமானம் வேண்டுமென்று ஒரு நாடு கருதுமாயின், அதற்குரிய விலையைப் பயணியோ அரசோ அறிந்து கொடுத்தல் வேண்டும். அறியாமலே ஒருவரிடம் வாங்கிக்கொண்டிருந்தால், ஒருநாள் அவர் கொடுப்பதை நிறுத்திவிடுவார்.

சுண்டைக்காயின் சுமைகூலி எப்போதும் முக்கால் பணமாகவே இருந்தது. இடையில் முப்பது ஆண்டுக்காலம் அது குறைந்ததுபோலத் தோன்றியதற்குக் காரணம், சுமந்தவர் தம் பங்கை நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று பொறுத்திருந்ததே.